வெட்டு உத்தரவு வயிற்றுக்குள் போன விவரம்

மதிப்பிற்குரிய கரும்பாலை மாத இதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊரே உறங்கும் நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். குழந்தை இப்போதுதான் கண் மூடியது.

சென்ற இதழில் 'சாதனை உழவர்' என்று நீங்கள் படம் போட்டது என் கணவரைத்தான். வயல் அவர் பேரில் இருக்கிறது, அவர் வெளியூரில் கணக்கு எழுதுகிறார். கரும்புக் கரணை நட்டது முதல் காய்ந்த சோகை உரித்தது வரை நான். கரும்புக்கும் அவருக்கும் உள்ள உறவு சர்க்கரை டப்பாவோடு சரி. அது போகட்டும். நேற்று உங்கள் ஆலையின் கள அலுவலர், கரும்பை என்றைக்கு வெட்டி அனுப்பலாம் என்ற வெட்டு உத்தரவோடு வந்து, "வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?" என்றார். "இல்லைங்க. கரும்பு போட்டது நான்தான், எங்கிட்ட குடுங்க" என்றேன். "அதெப்படி? ஆம்பளை கையிலதான் குடுக்கணும், ஆலை விதி" என்றவர் கண்ணில் என் இடுப்பிலிருந்த ஒன்றரை வயதுக் குழந்தை பட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "தம்பி! வியாழக்கிழமை லாரி வரும். தரையோட ஒட்ட வெட்டணும், சோகை இருக்கக் கூடாது. சரியா?" குழந்தை "ம்" என்றது. "வியாழக்கிழமை வெட்ட ஆள் கிடைக்காதுங்க" என்று நான் குறுக்கே சொன்னதற்கு, "நீங்க சும்மா இருங்கம்மா, நாங்க பேசிக்கிட்டிருக்கோம்ல" என்று அதட்டிவிட்டு, உத்தரவைக் குழந்தை கையில் கொடுத்துப் போனார். அவர் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் முத்திரை இருந்த பாதி வயிற்றுக்குள் போய்விட்டது. அலுவலகத்துக்குப் போன் செய்தால், "முத்திரை இல்லாம லாரி வராதும்மா, வீட்டுக்காரரை அனுப்புங்க" என்கிறார்கள். வீட்டுக்காரரோ, "அடுத்த மாசம் வெட்டிக்கலாம், கரும்பு எங்க ஓடிடப் போகுது?" என்கிறார். ஓடாதுதான். ஆனால் பூத்துவிட்டது ஐயா, இனி நாளுக்கு நாள் எடை குறையும். ஒரு வருஷப் பாடு காற்றோடு போகும்.

புது உத்தரவை என்னிடமே தரச் சொல்லி ஆலையில் எடுத்துச் சொல்லுங்கள். முத்திரை மை வயிற்றைக் கெடுக்குமா என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள். குழந்தை இதுவரை நன்றாகத்தான் விளையாடுகிறது, அதுவே எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாயிருக்கட்டும். காகிதம் தின்னும் வயதில் யாரேனும் இருந்தால், அவர்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

இப்படிக்கு,
சாதனை உழவரின் மனைவி

பின்குறிப்பு: அலுவலர் 'தம்பி' என்றது என் மகளை. பேன் தொல்லைக்காக முடியை ஒட்ட வெட்டியிருந்தேன். ஆக, ஆலை ஏற்கனவே ஒரு பெண் கையில் உத்தரவு கொடுத்து, அவள் சொன்ன 'ம்'மையும் ஏற்றுக்கொண்டாயிற்று. ஆலை இடிந்து விழவில்லை. அடுத்ததை அவள் அம்மாவிடம் கொடுக்கலாம். நான் தின்ன மாட்டேன். சீக்கிரம் பதில் போடுங்கள்.