பதினோரு கோல் ஓரெஸ்ட்

"பதினோரு கோல்! என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?" என்று வெர்லா வாரப் பத்திரிகையைக் கணவனின் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தாள்.

கனடாவின் சஸ்காட்சவன் மாகாணத்துச் சின்ன ஊர்கள் பட்டத்துக்காக ஆடும் கடைசிச் சுற்று, ஐஸ் ஹாக்கி பிளேஆஃப். அதில் அதிக கோல் அடித்தவர்கள் பட்டியலில் முதல் பெயர், ஓரெஸ்ட் ஹ்னாட்டியுக்.

கழிவுத்தொட்டி லாரி ஓட்டும் ஓரெஸ்ட் பல வருடமாகத் தற்காப்பு வரிசையில் நிற்பவன். எதிராளி வேகமாக வந்தால் ஒதுங்கி வழிவிடும் நல்ல மனிதன். இந்தப் பிளேஆஃபில் அவன் அடித்தது பூஜ்யம். அந்தப் பதினொன்றும் அதே அணியின் முன்வரிசை ஆட்டக்காரன் லீலண்ட் அடித்தவை. லீலண்டின் பெயர் பட்டியலிலேயே இல்லை.

உள்ளூர் அரங்கின் ஐஸ் இயந்திரம் பழுதாகி ஆட்டமெல்லாம் வெளியூரில் நடந்ததால், வெர்லா எதையும் பார்க்கவில்லை.

"வெர்லா, இது வந்து..."

"அம்மாவுக்கு ஃபோன் போட்டுட்டேன். இத்தனை வருஷமா உன்னை 'அந்த லாரிக்காரன்'னுதானே சொல்வாங்க? இன்னிக்கு 'மாப்பிள்ளை எப்படி இருக்காரு'ன்னு கேட்டாங்க ஓரெஸ்ட்! ஐஸ் மெஷினைச் சரிபண்ணிட்டாங்களாம், சனிக்கிழமை ஃபைனல் நம்ம ஊர்லதான். பார்க்க வர்றாங்க."

அவள் கண் கலங்கியிருந்தது. சொல்ல வந்ததை ஓரெஸ்ட் தட்டிலிருந்த பிரோகிக் கொழுக்கட்டையோடு சேர்த்து விழுங்கினான்.

ஆடாமல் தப்பிக்கலாம் என்று கோச் ஹால்டேனிடம் போனான்.

"கோச், முழங்கால் வலி."

"பதினோரு கோல் அடிச்ச காலாச்சே, வலிக்கத்தான் செய்யும்" என்றார் ஹால்டேன், துளிகூடச் சிரிக்காமல். "சனிக்கிழமை நீ முன்வரிசைல ஆடுறே."

அடுத்து லீலண்டைப் பிடித்தான்.

"ஒரே ஒரு தடவை வட்டை என் பக்கம் தள்ளி விடுப்பா. மாமியார் வர்றாங்க."

"நீ வலைக்குப் பக்கத்துலயே நில்லு. அங்க இங்க போகாதே" என்று தோளைத் தட்டினான் லீலண்ட்.

சனிக்கிழமை ஓரெஸ்ட் அப்படியே நின்றான். முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து வந்த எதிரணியில் மூன்று தடியர்கள் அவனோடு வந்து நின்றார்கள்.

"இவன்தான்டா அந்தப் பதினொண்ணு! விடாதே!"

இடது பக்கத் தடுப்புப் பலகையில் ஒரு மோதல். வலது பலகையில் இரண்டு. ரப்பர் வட்டை அவன் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. நான்கு முறை கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. நான்கு முறையும் ஓரெஸ்ட் யாருக்கோ அடியில் கிடந்தான்.

நாலுக்கு ஒன்று என்று ஓரெஸ்டின் அணி ஜெயித்துவிட்டது. நான்கும் லீலண்ட்.

உடை மாற்றும் அறை வாசலில் மாமியார் கைகுலுக்கக் கையுறையைக் கழற்றிவிட்டு, "பன்னிரண்டாவது எங்கே மாப்பிள்ளை?" என்று கேட்டாள். ஓரெஸ்டுக்கு அவமானம் தாங்கவில்லை.

"பன்னிரண்டும் இல்ல, பதினொண்ணும் இல்ல. நான் ஒரு கோல்கூட அடிக்கல. பேப்பர்ல பேரைத் தப்பாப் போட்டுட்டாங்க."

வெர்லாவின் முகம் சுருங்கியது. மாமியார் மறுபடி கையுறையை மாட்டினாள்.

பின்னால் வந்த ஹால்டேன் அவன் வீங்கிய முகத்தை அன்போடு பார்த்தார்.

"எவன்டா தப்புன்னான்? அந்த மூணு தடியனும் லீலண்டை விட்டுட்டு உன்னைத் துரத்தணும்னுதானே பேப்பருக்கு உன் பேரை நான் அனுப்பினேன்!"