மந்திரித்த செயின் சோ

நாற்பதைத் தாண்டிய லண்டன் தமிழ் ஆண்களுக்கு ஏதாவது ஒரு கிறுக்குப் பிடித்தே தீரும். பெரும்பாலானவர்கள் பழைய மாணவர் சங்கத்தில் சேர்ந்து பொருளாளரோடு சண்டை பிடிப்பார்கள். சிலர் மரதன் ஓடப் போய் முழங்காலைத் தொலைத்துவிட்டு வருவார்கள். நான் மோட்டார் சைக்கிள் எஞ்சினைக் கழற்றி, போட்டிக்கு ஒரு செயின் சோ செய்தேன். (சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். என் மனைவி ஜெசிந்தா இன்னும் முடிக்கவில்லை.)

மரம் அறுக்கும் செயின் சோவை எல்லாருக்கும் தெரியும். அதன் குட்டி எஞ்சினை எறிந்துவிட்டு மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பொருத்தினால், தூக்குகிறவனின் இடுப்பை ஒடிக்கிற, அடுத்த தெருவிலும் குழந்தைகளை எழுப்புகிற ஒரு பிசாசு கிடைக்கும். அதை வைத்துப் போட்டி நடத்துகிறார்கள். ஒரு மரக்குற்றியைப் படுக்க வைத்திருப்பார்கள். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, மறுபடி மேலிருந்து கீழே என்று அறுத்து மூன்று வட்டத் துண்டுகள் விழுத்த வேண்டும். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அந்த ஒரு கண்மூடலுக்காக வளர்ந்த மனிதர்கள் வருடம் முழுவதும் கராஜுக்குள் கிடக்கிறார்கள். அலுவலகத்தில் மற்றவர்களின் கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போடுவது என் தொழில். ஒருநாள் மதிய இடைவேளையில் இந்தப் போட்டியின் வீடியோவைப் பார்த்தேன். நான் பிறந்ததே இதற்குத்தான் என்று தோன்றிவிட்டது.

கூட்டாளியாக சிவம் அண்ணை வந்தார். ஈஸ்ட் ஹாமில் சேலைக்கடை வைத்திருப்பவர். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர். அதனால் உலகத்து எஞ்சின்கள் எல்லாம் தன் சொல்லுக்குக் கட்டுப்படும் என்று இன்றுவரை நம்புகிறவர். எசெக்ஸில் யாரோ ஒருவரிடம் சேறு காயாத பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி வந்து, பிளேஸ்டோவில் என் வீட்டுப் பின்பக்கக் கராஜில் வைத்து உரித்தோம். உரிப்பதுதான் சுகம். அது பாட்டுக்கு வந்தது.

சிக்கல் அந்தக் கராஜில்தான் இருந்தது. என் மாமியார் வெம்பிளியில் இளைய மகளோடு இருந்தார். அந்த வீட்டில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து மாமியின் கட்டில் சமையலறைக்கும் கழுவும் மெஷினுக்கும் நடுவில் வந்துவிட்டது. கராஜை அறையாக்கி அம்மாவைக் கூப்பிட வேண்டும் என்று ஜெசிந்தா சொல்லத் தொடங்கினாள். நியாயமான ஆசை. நியாயமான ஆசைகளை எதிர்ப்பதுதான் கஷ்டம். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம்.

"முதல் மூண்டு பேருக்குள்ள வந்தீங்கள் எண்டால் கராஜ் உங்களுக்கு. வராட்டி அம்மாவுக்கு. பிறகு முகத்தை நீட்டக்கூடாது" என்றாள்.

"ஓம்" என்றேன். (எங்களுக்கு அனுபவம் போதாது என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் நான் நானாக இருந்திருக்க மாட்டேன்.)

வெளியில் வீரம் பேசினாலும் உள்ளே எனக்குப் பயம்தான். வீட்டில் நான் அப்பா, அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஆள், கோயிலில் சனம் உட்காரக் கதிரை அடுக்குகிறவன். அந்தக் கராஜுக்குள் மட்டும்தான் என்னை ஒருவரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. அதை இழந்துவிடக் கூடாது என்று மனதார விரும்பினேன்.

மாமியோ தங்கம். "எனக்கென்ன தம்பி, வெம்பிளியில ஒரு மூலை காணும். நீங்கள் வெல்லுங்கோ" என்று போனில் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சோ வேலை செய்தது என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். போட்டிக்கு முந்தின வாரம் சிவம் அண்ணையின் நண்பர் ஒருவரின் தோட்டத்தில் விழுந்துகிடந்த மரத்தை அது கேக் மாதிரி வெட்டியது. சிவம் அண்ணை மரத்தூளைக் கையில் அள்ளி மணந்து பார்த்து, "தம்பி, கப் எங்களுக்குத்தான்" என்றார். அப்படியே விட்டிருக்கலாம்.

போட்டியன்று காலை சோவை வான் வண்டியில் ஏற்ற ஆயத்தமாகும்போது வாசலில் மாமி நின்றார். பக்கத்தில் எங்கள் தமிழ்ச் சுவாமி, அதாவது பாதிரியார். கையில் லூர்து மாதா உருவத்தில் செய்த பிளாஸ்டிக் போத்தல், கழுத்துவரை தீர்த்தம்.

"மந்திரிக்காமல் கொண்டு போகப் போறியளே?" என்றார் மாமி.

எங்கள் கத்தோலிக்கரிடையே புது வீடானாலும் புது வாகனமானாலும் சுவாமி வந்து செபம் சொல்லித் தீர்த்தம் தெளிக்க வேண்டும். அதற்குப் பெயர் மந்திரித்தல். காராக இருந்தால் முன்மூடியைத் திறந்து வைப்போம், தீர்த்தம் எஞ்சினிலேயே படவேண்டும் என்பதற்காக.

"மாமி, இது வாகனம் இல்லையே" என்றேன்.

"மோட்டார் சைக்கிள் எஞ்சின் எண்டுதானே சொன்னனீங்கள்?"

"எஞ்சின் மோட்டார் சைக்கிளின்ரதான்."

"அப்ப வாகனம்தான்."

சுவாமி எங்கள் சோவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "இதில ஆர், எங்க இருக்கிறது?" என்று கேட்டார். பிறகு தன் புத்தகத்தில் மரம் வெட்டும் இயந்திரத்துக்குத் தனிச் செபம் இல்லாததால் வாகனச் செபத்தையே எடுத்தார். "இதில் பயணம் செய்யும் யாவரும் எந்த ஆபத்துமின்றி வீடு திரும்ப அருள்புரியும்" என்று உருக்கமாக வாசித்தார். நாங்கள் ஆமென் சொன்னோம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எஞ்சினுக்குக் காற்றையும் பெற்றோலையும் கலந்து கொடுக்கிற உறுப்பு காபரேற்றர். போட்டி எஞ்சின் என்பதால் அதற்கு வடிகட்டி போடவில்லை. வாய் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். தூசி போகாமல் சிவம் அண்ணை அதில் ஒரு துணியை அடைத்திருந்தார். சுவாமி வந்து நிற்கிற நேரத்தில் இந்த ஊத்தைத் துணி என்ன கோலம் என்று மாமி அதைப் பிடுங்கிவிட்டார்.

"சுவாமி, எஞ்சினில படவேணும். நல்லா ஊத்துங்கோ."

சுவாமி தாராளமான மனிதர். மாதாவின் நீலக் கிரீட மூடியைத் திருகினார், போத்தலைக் கவிழ்த்தார். தீர்த்தம் காபரேற்றரின் வாய்க்குள் நேராக, குடத்தில் விழுவதுபோலச் சத்தம் கேட்க இறங்கியது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். தீர்த்தம் தெளிக்கிற சுவாமியிடம் "காணும், போதும்" என்று சொன்னவன் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது.

"தம்பி, உள்ளுக்குப் போட்டுது" என்று சிவம் அண்ணை காதுக்குள் சொன்னார்.

"நீங்கள் மறிச்சிருக்கலாமே அண்ணை."

"நான் மறிச்சால் சைவக்காரன் மறிச்சவன் எண்டு கதை வரும்" என்றவர், தன் பங்குக்குப் பெற்றோல் டாங்கில் மூன்று குறி திருநீறு பூசினார். பிறகு காபரேற்றரின் அடியிலுள்ள திருகாணியைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிடலாம் என்று குனிந்தார். மாமி பார்த்துவிட்டார்.

"மந்திரிச்ச தீர்த்தத்தைக் கானுக்குள்ளயோ ஊத்தப் போறியள்?"

பிளேஸ்டோவில் என் வீட்டு முற்றம் முழுவதும் சீமெந்து. எங்கே ஊற்றினாலும் சாக்கடைக் கானுக்குத்தான் போகும். சிவம் அண்ணை திருகாணியை மெதுவாக இறுக்கிவிட்டு நிமிர்ந்தார். சூட்டில் ஆவியாகிப் போய்விடும் என்று ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டு புறப்பட்டோம்.

மைதானம் லண்டனைத் தாண்டி எசெக்ஸ் பக்கம். போட்டியாளர்கள் எல்லாரும் மரத்தோடு பிறந்து மரத்தோடு வளர்ந்தவர்கள் போல இருந்தார்கள். அவர்களின் ஒரு கை என் இடுப்பளவு. அறிவிப்பாளர் அருளானந்தம் என்ற என் பெயரைச் சொல்ல மூன்று விதமாக முயன்று, மூன்றிலும் தோற்று, "சிரிக்கிற இந்த நண்பர்" என்று அறிமுகப்படுத்தினார். நான் பயத்தில் பல்லைக் காட்டியதை அப்படிப் புரிந்துகொண்டார்.

கயிற்றை இழுத்தேன். எஞ்சின் இருமியது. மறுபடி இழுத்தேன். சளி பிடித்த கிழவர் மாதிரி நீளமாக இருமியது. சிவம் அண்ணை வந்து, தன் முழுப் பலத்தையும் சேர்த்து இழுத்தார். கயிறு அவரையே திருப்பி ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, எஞ்சின் பிடித்துக்கொண்டது. கூட்டம் கைதட்டியது. சத்தம் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. மேடைக்கூச்சமாக இருக்கும் என்று எண்ணிச் சோவைக் குற்றியில் வைத்தேன்.

ஒரு தூளும் பறக்கவில்லை. புகை மட்டும் வந்தது. அழுத்தினேன். புகை கூடியது. அதோடு சோ என்னைப் பின்னுக்குத் தள்ளத் தொடங்கியது.

பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தயங்கித் தயங்கிப் பின்னுக்கு உதைத்தால், அப்படியே எதிர்த் திசையில் ஓடத் தொடங்கிவிடும். தண்ணீர் குடித்த எங்கள் எஞ்சின் அதைத்தான் செய்தது. செயினும் எதிர்த் திசையில் ஓடியது. செயினின் பல் ஒரு பக்கத்துக்குத்தான் வெட்டும். மறுபக்கம் ஓடினால் மரத்தைத் தடவிக் கொடுக்கும், பிடித்திருப்பவனைத் தள்ளும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் பின்னால் நடந்துகொண்டிருக்கிறேன் என்பது மட்டுமே.

"அண்ணை, பிடியுங்கோ" என்று கத்தினேன்.

சிவம் அண்ணை எனக்குப் பின்னால் ஓடிவந்து இரு கையையும் விரித்து, ஊரில் பஸ்ஸைப் பின்னுக்கு எடுக்கிற கொண்டக்டர் மாதிரி, "வரட்டும்... வரட்டும்... இடமிருக்கு" என்றார். வந்தேன். சோ குற்றியை விட்டு வழுகியது. மானம் போகிறதே என்று மறுபடி கொண்டுபோய் வைத்தேன். மறுபடி தள்ளியது. "வரட்டும்" என்றார். கடைசியில் பார்வையாளர்களுக்காக அடுக்கியிருந்த வைக்கோல் கட்டு ஒன்றின் மேல் சோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் அவருக்கு சுவிட்சை அணைக்கலாம் என்ற எண்ணம் வந்தது. சுவாமியின் செபம் அட்சரம் பிசகாமல் பலித்திருந்தது. நான் அதில் பயணம் செய்தேன், ஆபத்தில்லாமல்.

நடுவர் வந்து குற்றியில் விரலை வைத்துப் பார்த்தார். கறுப்பாக ஒரு கோடு, முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. "நன்றாகப் பொலிஷ் பண்ணியிருக்கிறீர்கள்" என்றார். அறிவிப்பாளர், இந்தச் சுற்றில் மரம் வென்றுவிட்டது என்று அறிவித்தார். கூட்டம் எழுந்து நின்று மரத்துக்குக் கைதட்டியது.

ஜெசிந்தா முழுவதையும் போனில் படம் பிடித்திருந்தாள். கிட்ட வந்து, "நோகுதோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நொந்தது. காயம் ஒன்றுமில்லை, கராஜ் போய்விட்டதே என்று நொந்தது.

மாமி வந்து சேர்ந்தார். கராஜுக்கு ஜன்னல் வந்தது, கம்பளம் வந்தது, கதவில் பூப்போட்ட திரை வந்தது. எண்ணெய் மணம் மட்டும் போகவில்லை. அது எனக்கு ஆறுதல்.

அறை மந்திரிக்கச் சுவாமி வந்தார். தேத்தண்ணி குடிக்கும்போது, "வசதியான அறை. எப்பிடி அம்மா கிடைச்சது?" என்று கேட்டார்.

"நவநாள் வைச்சனான் சுவாமி. ஒன்பதாம் நாள் செபம் முடிய இவற்ற போட்டியும் முடிஞ்சுது" என்றார் மாமி.

நான் வாய்க்குக் கொண்டுபோன ரோல்ஸ் பலகாரம் பாதி வழியில் நின்றது. "அப்ப எனக்காக ஒண்டும் செபிக்கேல்லையோ மாமி?"

"ஏன் செபிக்கேல்லை? கை கால் தப்ப வேணும் எண்டு உங்களுக்கும் ஒண்டு சொன்னனான். இந்தாங்கோ, இன்னொரு ரோல்ஸ் எடுங்கோ."

இப்போது எங்கள் குடும்பத்தில் பரீட்சைக்கோ இன்டர்வியூவுக்கோ போகிறவர்களிடம் "செபிக்கிறன்" என்று மாமி சொன்னால், சப்பாத்துப் போட்டவர்கள்கூடத் திரும்பி உள்ளே வந்து, "என்னத்துக்கு?" என்று கேட்டுத் தெளிந்த பிறகுதான் படி இறங்குகிறார்கள்.