சிந்தாமணியைப் பெண் பார்த்த நாளும் நீ மாட்டிய கப்பல் கக்கூசும்

செந்துறை
17.6.1983

கப்பலில் குழாய் வேலை பார்க்கும் என் மைத்துனன் சிரஞ்சீவி பஞ்சநாதனுக்கு, வேணுகோபால் ஆசி கூறி எழுதிக்கொண்டது. இங்கு உன் அக்காள் ஜானகியும் மற்றவர்களும், மூக்கு நீங்கலாக, நலம். கடல் காற்றில் உன் நலம் அறிய ஆவல்.

நிற்க. போன லீவில் நீ மெட்ராஸிலிருந்து லாரியில் கொண்டுவந்து, "மாமா, தண்ணிப் பஞ்சத்துக்கு இதான் சரி. ரெண்டு செம்பு ஊத்தி பம்பை நாலு தரம் அடிச்சா எல்லாம் தொட்டிக்குப் போயிடும்" என்று கொல்லையில் மாட்டிப் போன கப்பல் கக்கூசைப் பற்றித்தான் எழுதுகிறேன். எல்லாம் தொட்டிக்குப் போவது உண்மை. நாற்றம் மட்டும் போக மறுத்து எங்களோடு குடித்தனம் செய்கிறது. தொட்டிக்குக் காற்று போக ஒரு குழாய், வர ஒரு குழாய் என்று நீ சொன்னதைச் சொன்னால், கொத்தனார் வெள்ளைச்சாமி, "கக்கூசு என்ன மூச்சா வுடப்போவுது?" என்று ஒன்றோடு நிறுத்திவிட்டார். உன் அக்காள் தினம் ஒரு பாட்டில் பினாயில் ஊற்றினாள். ஊற்ற ஊற்ற நாற்றம் வளர்ந்தது.

இந்த லட்சணத்தில், சென்ற வெள்ளிக்கிழமை சிந்தாமணியைப் பெண் பார்க்கப் பெரம்பலூரிலிருந்து வந்தார்கள். நம் மகளுக்கு இது நான்காவது இடம். மாப்பிள்ளை நடராசன் ஓவர்சியர். நான் பத்து ஊதுபத்தி ஏற்றியும், அவர் அப்பா அரங்கநாதன் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கேசரி சாப்பிட்டார்.

"பக்கத்துல எலி ஏதும் செத்துக் கெடக்குதுங்களா?"

"ஆமாங்க, பக்கத்து வூட்டுல" என்றேன் நான். காபித் தட்டோடு வந்த உன் அக்காள் மகள், "இல்லீங்க, எங்க கக்கூசுதான்" என்று போட்டு உடைத்தாள்.

மாப்பிள்ளை எழுந்து நேரே கொல்லைக்குப் போனார். திரும்பி வந்து, "பினாயில் ஊத்துறீங்களா? காத்தும் பத்தல, பினாயிலும் பட்டு, அழுக்கைத் தின்னுற கிருமியெல்லாம் செத்துப்போச்சுங்க. அப்புறம் நாறாம என்ன செய்யும்?" என்றார். அரங்கநாதன், "போயிட்டுக் கடுதாசி போடுறோம்" என்று எழுந்துவிட்டார். இதே வார்த்தையை மூன்று முறை கேட்டவன் நான். மகளைத் திட்டினேன். "பொய் சொல்லியிருந்தா மட்டும் மணக்குமாப்பா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும் அன்று சோறு இறங்கவில்லை. ஆகவே உடனே வந்து உன் கக்கூசைக் கழற்றிக் கடலிலேயே போட்டுவிடு.

போகும் துறைமுகமெல்லாம் உனக்கு நல்ல சாப்பாடு கிடைக்க வேண்டும் என்று வேண்டும்,
வேணுகோபால்

பி.கு.: கக்கூசைக் கழற்ற வேண்டாம். தபாலில் சேர்க்காமல் இக்கடிதம் ஒரு வாரம் கிடந்ததில், வெள்ளைச்சாமி வைக்காமல் விட்ட இரண்டாவது குழாயை பஸ் கூரையில் போட்டுக்கொண்டு நடராசன் வந்திறங்கினார். "அப்பா கடுதாசி எழுத நாளாவுங்க. அதுக்குள்ள இதை மாட்டிடலாம்னு வந்தேன்" என்றார். சிந்தாமணி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அரங்கநாதனும் சரி என்றுவிட்டார். ஆவணியில் கல்யாணம், லீவு போட்டுவிட்டு வா. பினாயிலை நிறுத்தியதும் நாற்றம் அடியோடு போய்விட்டது. ஆனாலும் ஞாயிறுதோறும் வந்து பார்க்க வேண்டும் என்கிறார் மாப்பிள்ளை. லேசாக வாடை இருக்கிறது என்கிறாள் உன் அக்காள் மகள்.