ஸ்பேனர் படாத வண்டி

வாரண்டி முடிய இன்னும் இருபத்தோரு நாள்தான் இருந்தது. மதலைமுத்துவின் பிக்கப்பை மூன்று தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, தண்ணீர் கேன் வியாபாரி கிளாரன்ஸ் தன் முடிவைச் சொன்னார்.

"வாரண்டி இருக்கறப்பவே குடுத்தா எடுத்துக்கறேன். முடிஞ்சப்புறம் எனக்கு வேணாம். அது உன் தலைவலி."

அன்று மதலைமுத்துவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பதினெட்டு வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டிவிட்டு, 2001-இல் சொந்தமாக வாங்கிய வண்டி அது. பதினைந்து வருஷமாவது வைத்து ஓட்ட வேண்டும் என்பது ஆசை. மூன்றாம் வருஷமே இன்ஜின் படுத்துவிட்டால், மறுபடி யாரிடமாவது சாவிக்குக் கை நீட்ட வேண்டுமே என்பது பயம்.

வாரண்டிக்காக அவன் செய்யாத தவம் இல்லை. நாற்பதுக்கு மேல் ஓட்டமாட்டான். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்குப் பூரண ஓய்வு. சர்ச் பூசைக்குக்கூட நடந்துதான் போவான். கம்பெனி சர்வீஸ் ஆட்களைத் தவிர யாரும் பானெட்டைத் திறக்கக் கூடாது. இந்தச் சட்டத்தில் முதலில் அடிபட்டவர் ஹெர்பர்ட். மனைவி பெர்னதெத்தின் அண்ணன். ஜீவனஹள்ளி முனையில் மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவர். வண்டி வந்த அன்றே ஆசையாகப் பானெட்டில் கை வைத்தார்.

"வெளி ஆள் கை பட்டா வாரண்டி போயிரும், மச்சான்" என்றான் மதலைமுத்து.

ஹெர்பர்ட் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். தன் அண்ணன் எப்போதிலிருந்து வெளி ஆள் ஆனார் என்று கேட்டுவிட்டு, பெர்னதெத் ஒரு வாரம் புருஷனோடு பேசவில்லை.

இப்போது விற்பதா, வைத்துக்கொள்வதா? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். இருபத்தோரு நாளைக்குள் வண்டியைப் படாத பாடு படுத்திப் பார்ப்பது. கெட்டுப்போனால் கம்பெனி சும்மா சரிசெய்து கொடுக்கும். கையோடு கிளாரன்ஸிடம் தள்ளிவிடலாம். கெடாவிட்டால் பதினைந்து வருஷத்துக்குக் கவலையில்லை. இரண்டு வருஷம் கைக்குழந்தையைத் தூக்கிப் போவதுபோல் ஓட்டிய வண்டியை மறுநாளே பள்ளத்தில் இறக்கினான்.

அன்று வண்டியில் இருந்தது சரசுவின் சாமான். கல்யாணத்துக்கு நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடுகிற சரசு, அவனுடைய நிரந்தர வாடிக்கை. ஹெப்பகோடி மண்டபத்துக்கு நல்ல ரோடு இருக்க, சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருந்த தெருவாகப் பார்த்துப் போனான். வண்டி ஒரு முனகல்கூட முனகவில்லை. ஆனால் இறக்கும்போது பதினோரு நாற்காலிகளுக்குக் கால் இல்லை. பெரிய அண்டாவின் அடிப்பாகம் நசுங்கிப்போய், அடுப்பில் எப்படி வைத்தாலும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பாதிச் சாம்பார் அடுப்புக்குப் போக, மீதியைத்தான் மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டார்கள்.

சரசு தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் திட்டி முடித்தாள். அவளைச் சமாதானப்படுத்த, அவள் கட்டிக்கொண்டிருந்த கோடவுனுக்குச் செங்கல் ஏற்றிக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்தான். சோதனைக்குச் சோதனையும் ஆச்சு என்று, ஏற்ற வேண்டியதைப் போல இரண்டு மடங்கு ஏற்றினான். வண்டி மேடேறி நின்றது. அவ்வளவையும் பார்த்த கூலி ஆட்கள் பாதியில் கழன்றுகொள்ள, மிச்சத்தை மதலைமுத்துவே இறக்கினான். கடைசிக் கல்லோடு குனிந்தவன் நிமிரவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது.

வீட்டுக்கு ஓட்டிவர ஹெர்பர்ட்டைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அது ஒரு சனிக்கிழமை. பக்கத்து சீட்டில் மடங்கி உட்கார்ந்திருந்தவனிடம் ஹெர்பர்ட் மெதுவாகச் சொன்னார்.

"மாப்ள, கிளட்ச் வழுக்குது. ஒருதரம் பாத்துடட்டுமா?"

மதலைமுத்துவுக்கு வலியிலும் சந்தோஷம். இதற்குத்தானே காத்திருந்தான்.

"தொடாதீங்க மச்சான். இன்னும் பன்னெண்டு நாள் வாரண்டி இருக்கு. கம்பெனிக்காரன் பாக்கட்டும்."

மறுநாள் ஞாயிறு, இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு எப்படியோ பூசைக்கு நடந்து போய்வந்தான். திங்கட்கிழமை அதே பெல்ட்டோடு, ஒரு டிரைவரைப் பிடித்து சர்வீஸுக்குப் போனான். அங்கே வண்டியை இரண்டு ரவுண்டு ஓட்டிப் பார்த்த ஆள் சிரித்தார். "ஏனூ இல்ல சார். கிளட்ச் நல்லாத்தான் பிடிக்குது" என்றார். மதலைமுத்து நம்பாமல் இன்னொரு தடவை ஓட்டச் சொன்னான். மறுபடியும் ஒன்றுமில்லை.

மச்சானுக்கு வேலை மறந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். பாவமாகக்கூட இருந்தது. ஆனால் வண்டிமேல் இருந்த கடைசிச் சந்தேகமும் அதோடு தீர்ந்தது.

வாரண்டியின் கடைசி நாள் கிளாரன்ஸ் பதில் கேட்டு வந்தார். மதலைமுத்து பெல்ட்டோடு நெஞ்சை நிமிர்த்தி, தெருவே கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"குடுக்கறதா இல்ல. ரெண்டு வருஷத்துல பழுதுன்னு ஒரு ஸ்பேனர் படல. இந்த வண்டிக்கு மெக்கானிக்கே தேவையில்ல."

சொல்லி முடித்த பிறகுதான், வாசலில் ஹெர்பர்ட் நிற்பதைக் கவனித்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான். ஹெர்பர்ட் முகம் மாறவில்லை. நல்ல வண்டிதான் மாப்ள என்று சொல்லிவிட்டு, தங்கச்சியிடம் காபி வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அவர் முதுகைப் பார்த்தபோது மதலைமுத்துவுக்கு மனசு உறுத்தியது. வாரண்டிதான் முடிந்துவிட்டதே, இனி ஆயில் மாற்றுகிற வேலையையாவது அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று பெருந்தன்மையாகத் தீர்மானித்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, முதல் பூசைக்குப் போய்விட்டு வந்த பெர்னதெத் அப்படியே கறிக்கடைக்குப் போயிருந்தாள். இரண்டாம் பூசையில் காணிக்கைத் தட்டு எடுப்பது வழக்கமாக மதலைமுத்துவின் வேலை. அன்று சட்டை போடக் கையைத் தூக்கியவனுக்கு இடுப்பு மறுபடி சுண்டியது. பாயில் படுத்துவிட்டான்.

வாசலில் சைக்கிள் நின்றது. அவன் இதுவரை பார்த்திராத நடுத்தர வயது ஆள் ஒருவர், ஒரு அட்டைப்பெட்டியோடு எட்டிப் பார்த்தார். ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலிருந்து வருவதாகச் சொல்லி, அக்கா இல்லையா என்று கேட்டார். வெளியே போயிருக்கிறாள் என்றான் மதலைமுத்து. பாயில் கிடந்தவனை ஊரிலிருந்து வந்த நோயாளி விருந்தாளி என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, வந்தவர் பெட்டியை அவன் தலைமாட்டில் வைத்தார்.

"அப்ப நீங்களே அக்காட்ட குடுத்துருங்கண்ணா, இந்த வண்டிக்கு இது நாலாவது கிளட்ச் பிளேட்டு, ஓனரு சர்ச்சுலேர்ந்து வர்றதுக்குள்ள மாட்டிடணும்னு ஹெர்பர்ட் அண்ணன் பின்னாடியே வந்துட்டிருக்காரு."