வழியில் ஓரிடம் இலவசம்

மச்சானின் சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. முதலில் விக்கல் போல ஒன்று வரும். பிறகு மூச்சு உள்ளே போகும். கொஞ்ச நேரம் ஒன்றுமே இருக்காது. நல்லவேளை, நின்றுவிட்டது என்று நாம் நினைப்போம். அப்போதுதான் தகரக் கூரைமேல் மழை இறங்குவது போல அது இறங்கும்.

அன்று அது என்மேல் இறங்கியது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாத தனிக்கட்டை. எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். கற்ற தெம்பில் அவர் வீட்டிலிருந்து அவர் காரை வெளியே எடுத்தேன். திறந்திருக்கிறது என்று நான் நம்பிய கேட் மூடியிருந்தது. சத்தம் கேட்டு வீட்டுக்குள் இருந்த சொந்தபந்தம் அத்தனையும் வாசலுக்கு வந்தது. நான் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். மச்சான் என்னைப் பார்த்தார். கேட்டைப் பார்த்தார். விக்கினார்.

மழை ஓயும்வரை காத்திருந்து இறங்கினேன். "இனிமே இந்த வாசல்ல என் கால் படாது" என்றேன். சொல்லும்போது ஓர் அங்குலம் வளர்ந்துவிட்டது போல இருந்தது. அதன்பிறகு நான் ஸ்டியரிங்கையும் தொடவில்லை, அந்த வாசலையும் மிதிக்கவில்லை. வருஷங்கள் போயின. கேட்டை மாற்றிவிட்டார்கள் என்று கேள்வி. நான் மாறவில்லை.

சென்ற ஆண்டு ஒரு காலையில் என் மனைவி கையில் போனோடு வந்து நின்றாள்.

"அண்ணனுக்கு அடுத்த வாரம் தொண்டையில ஆபரேஷன்."

"ம்."

"உயிருக்குப் பயமில்லையாம். ஆனா குரல் போயிடுமாம். அப்புறம் பேசவே முடியாதாம்."

"அடடா."

"அதுக்குள்ள உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணும்னு சொல்றார்."

"போன்ல பேசச் சொல்லு."

"நேர்லதான் பேசணுமாம்."

"நேர்ல பேசணும்னா அவர் வாசல்ல நான் கால் வைக்கணும்."

"அதான்..."

"அதான் முடியாது."

அவள் வாதாடவில்லை. வேலைக்காலம் முழுவதும் நூலகத்தில் இருந்தவள். குரலை உயர்த்தி அவள் பேசியதைக் கேட்டவர்கள் குறைவு. துணி மடிக்கப் போய்விட்டாள். உள்ளறையில் ஒரு போர்வை உதறப்படும் சத்தம் கேட்டது. பிறகு நெடுநேரம் அடுத்த போர்வை உதறப்படவில்லை.

அந்த வாரமே மகள் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. வேறொரு நகரத்தில் அவள் புது வீட்டுக்குக் குடிபோயிருந்தாள். எப்போதும் ரயிலில்தான் போவோம். ஆனால் ரயில் மச்சான் ஊரில் நிற்கும். சும்மா நிற்காது, எஞ்சின் மாற்றுகிறேன் என்று சாவகாசமாக நிற்கும். பிளாட்பாரத்தில் மச்சான் வந்து நின்றால்? ஜன்னல் கம்பி வழியாகப் பேசினால்? பிளாட்பாரம் வாசல் ஆகுமா ஆகாதா என்று சட்டச் சிக்கல் வரும்.

எனவே தீர்மானித்தேன். இந்த முறை தனிக் கார். வீட்டு வாசலில் ஏறினால் மகள் வீட்டு வாசலில்தான் இறக்கம்.

போனில் பதிவு செய்ய உட்கார்ந்தேன். கார் கம்பெனி ஒரு சலுகை வைத்திருந்தது. 'வழியில் ஓரிடம் இலவசம்.' போகிற வழியில் ஏதாவது ஓரிடத்தில் ஒரு மணி நேரம் நிறுத்துவார்களாம், சுற்றிப் பார்க்கலாமாம். கோட்டை, அருவி, அணைக்கட்டு என்று மூன்று படங்கள் இருந்தன. ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும்.

இங்கே என் தொழிலைச் சொல்ல வேண்டும். நான் தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் தொழிலில் ஒரே விதிதான். தணிக்கைக்குப் போன இடத்தில் அவர்களாக ஆசையாகத் திறந்து காட்டும் அறைக்குள் போகாதே. 'அங்கே ஒன்றுமில்லை சார்' என்று எந்த அறையைச் சொல்கிறார்களோ அதைத் திற. அலுவலகத்தில் இந்த விதி என்னை ஒருமுறைகூடக் கைவிட்டதில்லை. வீட்டிலும் அதைத்தான் கடைப்பிடிக்கிறேன். அதற்கு முந்தின மாதம் எங்கள் மாடியறைக்கு வெள்ளையடிக்கலாமா என்று பேச்சு வந்தது. "யார் இருக்கப் போறா அங்க? வேண்டவே வேண்டாம்" என்றாள் என் மனைவி. சரி, எதையோ மறைக்கிறாள், கூரை ஒழுகுகிறது என்று கண்டுகொண்டேன். மறுநாளே ஆள் வைத்து வெள்ளையடித்து, ஜன்னலுக்குப் புதுக் கதவும் போட்டேன். கூரை ஒழுகவில்லை. இருந்தாலும் விதி விதிதான்.

"எந்த இடம் பார்க்கலாம்?" என்று கேட்டேன், கண்ணாடிக்கு மேலாக அவளை நோட்டம் விட்டபடி.

"கோட்டை பார்க்கலாங்க. எனக்கு ரொம்ப நாளா ஆசை."

வரைபடத்தைப் பெரிதாக்கினேன். கோட்டையிலிருந்து கல்லை விட்டெறிந்தால் மச்சான் ஊர். மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

"அருவி?"

"அதுவும் நல்லாத்தான் இருக்கும்."

அருவிக்கும் அந்த ஊர் வழியாகத்தான் போக வேண்டும்.

"அப்ப, டேம்?"

"ஐயோ, டேமா!" அவள் குரல் உயர்ந்தது. "அங்க என்ன இருக்கு? ஒரு மரம் கிடையாது, உட்கார ஒரு பெஞ்ச் கிடையாது. அவ்வளவு தண்ணியப் பார்த்தா எனக்குத் தலை சுத்தும். சுவரைப் பார்க்கவா இவ்வளவு தூரம் போறோம்? டேம் மட்டும் வேண்டாங்க!"

நூலகக் குரல் உயர்ந்துவிட்டது. இதற்குமேல் எனக்கு என்ன ஆதாரம் வேண்டும்? அணைக்கட்டைத் தொட்டேன். அது வேறு சாலை. மச்சான் ஊருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"உங்க இஷ்டம்" என்று முனகிக்கொண்டு எழுந்து போனாள்.

கார் வந்த அன்று அவளைப் பின்னால் உட்காரவைத்து நான் முன்னால் ஏறினேன். சாலை என் கண்காணிப்பில் இருக்க வேண்டும். டிரைவர் பெரிய உடம்புக்காரர். எதைக் கேட்டாலும் "பார்த்துக்கலாம் சார்" என்றார்.

"டேம் ரோடுதானே போறீங்க?"

"பார்த்துக்கலாம் சார்."

"நடுவுல ரூட்டை மாத்த மாட்டீங்களே?"

"பார்த்துக்கலாம் சார்."

கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தேன். மடியில் ஒரு பெரிய பை. ஒருநாள் பயணத்துக்கு எதற்கு அவ்வளவு பெரிய பை? போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு?"

"பொண்ணுக்கு."

"என்னவாம்?"

"எங்க வந்துட்டிருக்கோம்னு கேட்கறா."

பிறகு டிரைவரிடம், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். சாதாரணக் கேள்விதான். ஆனால் ஒரு டிரைவரை விலைக்கு வாங்குகிறவர்கள் வேறு எப்படி ஆரம்பிப்பார்கள்?

சாலை பிரியும் இடம் வந்தது. இடப்பக்கம் போனால் அணைக்கட்டு. நேரே போனால் மச்சான் ஊர். இடப்பக்கச் சாலையின் குறுக்கே ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. போலீஸ்காரர் ஒருவர் எல்லா வண்டிகளையும் நேரே போகும்படி கைகாட்டிக்கொண்டிருந்தார்.

"நேரா போயிடலாம் சார்" என்றார் டிரைவர், முதன்முறையாக வேறு வாக்கியத்தில். "ஊருக்குள்ள பூந்து போனா சீக்கிரமே போயிடலாம். டேம்ல என்ன இருக்கு?"

நேரே போனால் முனையில் மருந்துக்கடை. அதைத் தாண்டினால் தண்ணீர்த் தொட்டி. அடுத்த திருப்பத்தில் அந்த கேட். அங்கே வந்து கார் ரிப்பேராகும். ஆகாவிட்டாலும் இந்த மனிதர் ஆக்குவார். எல்லாம் ஏற்பாடு. லாரியைக்கூட இவர்கள்தான் கவிழ்த்திருப்பார்களோ?

வெற்றிப் புன்னகையை எதிர்பார்த்துத் திரும்பினேன். அவள் முகம் வெளுத்திருந்தது. கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நேரா போக வேண்டாம். காத்திருக்கலாம்" என்றாள்.

"என்னது?"

"டேம்னு சொல்லிட்டீங்கல்ல? சொன்னா சொன்னதுதான். அந்த ஊருக்குள்ள நாம போகக் கூடாது."

டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியாதும்மா."

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். போலீஸ்காரரிடம் நடந்து போனாள். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. அவள் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும்தான் கேட்கும். நூலகத்தில் புத்தகத்தைக் கிழித்து மாட்டிக்கொண்டவன் போல அவர் நேராக நின்றார். பிறகு நாலு பேரைக் கூப்பிட்டார், கயிறு வந்தது, லாரி ஒரு கார் நுழையும் அளவுக்கு ஓரமாக நகர்ந்தது.

இடப்பக்கம் திரும்பினோம். என் நெஞ்சு நிறைந்துவிட்டது. என் சத்தியத்தைக் காப்பாற்ற இவள் நடுரோட்டில் இறங்கி நின்றிருக்கிறாள். இவளையா சந்தேகப்பட்டேன்?

"உனக்கு வருத்தமில்லையா?"

"எதுக்கு?"

"அண்ணனைப் பார்க்காம போறோமே."

"உங்க சத்தியம் முக்கியமில்லையா?" என்றாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு. பிறகு, "டிரைவர், கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்" என்றாள்.

அணைக்கட்டில் காற்று பலமாக இருந்தது. ஒரு பக்கம் கரை தெரியாமல் தண்ணீர். மறுபக்கம் வெறும் பாறை. நடுவே சுவர். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை என்பது போல இருந்தன. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் சுற்றிலும் கவனித்தேன். சுவரோரம் வரிசையாக மரங்கள். மரத்துக்கு மரம் பெஞ்ச்.

"மரமே கிடையாதுன்னு சொன்னியே?"

"வளர்ந்திருக்கும்."

டிரைவர் காரைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டார். "ஒரு மணி நேரம் சார்" என்று கேண்டீன் பக்கம் போய்விட்டார்.

முதல் பெஞ்சில் ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கழுத்தில் மப்ளர். உள்ளே ஆள் இருக்கிறாரா என்று கேட்கும்படி தொளதொளவென்று சட்டை. முதுகை எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு விக்கல் சத்தம் கேட்டது. அது தெரிந்தது.

மச்சான் திரும்பினார்.

"வாங்க மாப்பிள்ளை" என்றார். சருகு உரசுவது போன்ற குரல். "இங்க கேட் கிடையாது. தைரியமா வாங்க."

நான் காரைப் பார்த்தேன். பூட்டியிருந்தது. மனைவியைப் பார்த்தேன். பெரிய பையிலிருந்து ஒரு பிளாஸ்க்கும் மூன்று டம்ளர்களும் வெளியே வந்துகொண்டிருந்தன.

"என்ன இது?" என்றேன்.

"காப்பி."

"நான் சத்தியம் பண்ணியிருக்கேன்!"

"அண்ணன் வாசல்ல உங்க கால் படாதுன்னுதானே? படலையே. இது அரசாங்கத்து அணை. உட்காருங்க, ஆறிடும்."

உட்கார்ந்தேன். பெஞ்சின் இந்த ஓரத்தில் நான், அந்த ஓரத்தில் அவர். நடுவில் என் டம்ளர்.

"நீங்க எப்படி வந்தீங்க?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டேன்.

"நானே ஓட்டிக்கிட்டு வந்தேன். எதையும் இடிக்கல."

"அண்ணா!" என்றாள் அவள்.

"இரும்மா. இருக்கிறது கொஞ்சம் குரல். சிக்கனமா சொல்லிடறேன்." தொண்டையைத் தடவிக்கொண்டார். "மாப்பிள்ளை, அந்த கேட்டை உங்களுக்கு முன்னாடி நான் ரெண்டு தடவை இடிச்சிருக்கேன். ரெண்டு தடவையும் யாருக்கும் தெரியாம நிமிர்த்தி வச்சேன். மூணாவது நீங்க. கொஞ்சம்கூட மாறாம அதே இடத்துல இடிச்சீங்க. அதான் அடக்க முடியல. இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள நீங்க சத்தியம் பண்ணிட்டீங்க."

"இத்தனை வருஷமா இதைச் சொல்லலையே?"

"நீங்க எங்க நின்னு கேட்டீங்க?"

அவர் விக்கினார். மூச்சு உள்ளே போனது. நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு மழைக்குக் காத்திருந்தேன். மழை வரவில்லை. மணல் சரிவது போல மெல்லிய ஓசை ஒன்று மட்டும் வந்து நின்றுவிட்டது. அந்த வெற்றிடத்தை யாராவது நிரப்ப வேண்டியிருந்தது. நான் சிரித்தேன். கேண்டீனிலிருந்து டிரைவர் எட்டிப்பார்க்கும்வரை சிரித்தேன்.

ஒரு மணி நேரமும் மச்சான் பேசினார். பழைய காரைப் பற்றி, கேட் செய்து தந்த கொல்லரைப் பற்றி. என் மனைவி தண்ணீரைப் பார்த்தபடி அவர் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் காப்பி ஆறிப்போனது. தலை சுற்றியதாகத் தெரியவில்லை.

திரும்பக் காரில் ஏறியதும் விசாரணையைத் தொடங்கினேன்.

"டேமுக்கு வருவோம்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதானே டேம்னு போட்டீங்க?"

"நான்தான்."

"நான் வேண்டாம்னுதானே சொன்னேன்?"

"சொன்னே."

"அப்புறம்?"

வேலைக்காலம் முழுவதும் கேள்வி கேட்டவன் நான். இந்த 'அப்புறம்' வந்ததும் சீட் பெல்ட்டைச் சரிசெய்யத் தொடங்கினேன்.

கொஞ்சதூரம் போனதும் அவளே பேசினாள். "ஆபரேஷனுக்கு அப்புறம் அண்ணன் தனியா எப்படி இருப்பாரோ."

"பாவம்" என்றேன்.

"யாரோ நம்ம மாடியறையில இருக்கலாமேன்னு சொன்னாங்க." அவள் குரல் உயர்ந்தது. "அது வேண்டவே வேண்டாங்க! படி ஏறணும், வெயில் அடிக்கும். அண்ணன் அங்க வந்தா சரிப்படாது. நான் ஒத்துக்கவே மாட்டேன்!"

எனக்கு எல்லாம் புரிந்தது. வெள்ளையடித்த சுவர் புரிந்தது. ஜன்னலின் புதுக் கதவு புரிந்தது. வாயைத் திறக்கக் கூடாது என்பதும் புரிந்தது. பல்லைக் கடித்தேன், கதவுப் பிடியை இறுகப் பற்றினேன். ஆனால் ஒரு மனிதனின் தொழில் எலும்புவரை போய்விட்ட பிறகு அவன் என்ன செய்வான்?

"ஏன் வேண்டாம்?" என்று கேட்டுவிட்டேன்.

மச்சான் இப்போது எங்கள் மாடியறையில் இருக்கிறார். குரல் போய்விட்டது. சிரித்தால் தோள் மட்டும் குலுங்குகிறது.