முன்னூறு முதுகிலும் விலை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். முழங்கால் சிகிச்சை முடிந்து, தங்கள் மூத்த மகள் வீட்டில் தாங்கள் கைத்தடி இல்லாமல் வாசல் வரை நடப்பதாகக் கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். இங்கே எல்லோரும் சுகம். நானும் சுகம் என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. காரணம் கீழே வருகிறது. தயவுசெய்து உட்கார்ந்து படிக்கவும்.

தங்கள் துணிக்கடையில் விலைச்சீட்டு எழுதும் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனீர்கள். கொடுத்தீர்கள் என்பதுகூடப் பொய், நானாகக் கேட்டு வாங்கினேன். "முப்பத்தொரு வருஷம் பதிவு ஆபீஸ்ல எழுதின கை, என்கிட்ட விடுங்க சம்பந்தி" என்று மார்தட்டினேன். காரில் ஏறும்போது தாங்கள், "அந்தச் சீட்டு பிளாஸ்டிக் மாதிரி. கிழியாது, ஆனா மை பிடிக்காது. அதுக்குன்னு ஒரு பேனா டிராயர்ல இருக்கு, அதை மட்டும் எடுங்க" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. பேனாவைப் பற்றி எனக்கே பாடமா? டிராயரைத் திறந்தேன். குட்டையாக, தடியாக, சட்டைப் பையில் குத்த ஒரு கிளிப்கூட இல்லாமல், மூட்டை மேல் ஊர் பெயர் எழுதுகிறவர்கள் வைத்திருப்பது போல ஒன்று கிடந்தது. இதையா நான் தொடுவேன் என்று மூடிவிட்டேன்.

பிறகு ஆரம்பித்தது என் கூத்து. ஆபீஸில் வழியனுப்பும்போது கொடுத்த மைப்பேனாவால் எழுதினேன், மை சீட்டில் ஒட்டாமல் உருண்டு வந்து என் மடியில் விழுந்தது. பால்பாயிண்ட் பேனா வழுக்கிக்கொண்டு ஓடியது, எழுதினேன் என்பதற்கு நான் ஒருவன்தான் சாட்சி. நம் பேரனின் ஸ்கெட்ச் பேனா எழுதத்தான் செய்தது, கை பட்டதும் போய்விட்டது. கடைசியில் ஒரு ஜெல் பேனா கிடைத்தது. எழுத்து அச்சடித்தது போல வந்தது. விரலால் லேசாகத் தொட்டேன், ஒட்டவில்லை. அவ்வளவுதான், உட்கார்ந்த இடத்தில் முன்னூறு சீட்டு எழுதி, பள்ளிச் சீருடைக்கு வந்த வெள்ளைச் சட்டைகளில் ஒவ்வொன்றாகக் குத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சரியாமலிருக்கத் துணி வெட்டும் பலகையையும் மேலே ஏற்றிவிட்டு, என் திறமையை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மேலே காய்ந்தது போலிருந்த மை உள்ளே காயவே இல்லை.

மறுநாள் காலை தலைமையாசிரியை வந்து ஒரு சட்டையை விரித்தார். அடியில் கிடந்த சட்டையின் விலை, இடம் வலம் மாறி, இதன் முதுகில் பதிந்திருந்தது. அடுத்ததிலும் அப்படியே. "நம்பர் போட்ட சட்டை விளையாட்டுக்குத்தான் கேப்போம். இது வகுப்புக்கு" என்று நிதானமாகச் சொன்னார். நான் ஈரக் கைக்குட்டையால் துடைத்தேன். எண் போய் ஒரு நீலத் திட்டு வந்தது. கடைத் தையல்காரம்மா டிராயரிலிருந்து அந்தத் தடிப் பேனாவை எடுத்து, ஒரு சீட்டில் எழுதி, குழாயடியில் கொண்டுபோய்த் தேய்த்து, என்னிடம் நீட்டினார். எழுத்து அசையவில்லை. "வழக்கமா இதுலதான் சார் எழுதுவாங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்துத் தாங்கள் போன் செய்தீர்கள். கல்லாவில் இருந்த என் மகள் எடுத்து நடந்ததைச் சொன்னாள். "யார் எழுதினது?" என்று தாங்கள் போட்ட சத்தம் கடை முழுக்கக் கேட்டது. அவள், "அப்பாவுக்குப் பதிலா நான்தான் எழுதினேன் மாமா, அவசரத்துல பேனா மாறிப்போச்சு" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். இருமினேன். ஏதோ சொல்லப்போகிறேன் என்று அவள் நிமிர்ந்து பார்த்தாள். தண்ணீர் குடிப்பது போல வெளியே போய்விட்டேன். சம்பந்தி, சட்டை கெட்டதைச் சொல்லிவிடலாம். இதைச் சொல்ல நாக்கு எழவில்லை, அதனால்தான் கடிதம்.

இரண்டு வாரமாகத் தாங்கள் அவளிடம் ஒற்றை வார்த்தையில் பேசுகிறீர்கள். கடைச் சாவியை அவளிடம் ஒப்படைப்பதாக இருந்த பேச்சும் நின்றுவிட்டது. அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, சாப்பாடு போடும்போதுகூட முகம் சுளிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. எழுதியவன் நான். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. சாவியை அவளிடமே கொடுங்கள், என்னைக் கடைப் பக்கம் சேர்க்காதீர்கள்.

சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கம். தங்கள் கால் சீக்கிரம் தேறி, தாங்களே படியேறி வந்து என்னைத் திட்டும் வலு கிடைக்க வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலை குனிந்த தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையில் போடுமுன் மகள் வாங்கிப் படித்துவிட்டாள். சட்டை கெட்ட அன்று மாலையே தாங்கள் அவளைத் தனியாகப் போனில் அழைத்து, "இருபது சீட்டு எழுதறதுக்குள்ள கை வலிக்குதுன்னு எழுந்துடுவ. முன்னூறு நீ எழுதினேன்னா நான் நம்பணுமா? உங்கப்பாதானே? அவர்கிட்ட சொல்லாதம்மா, குறுகிப் போயிடுவார். நான் உன்மேலயே கோபமா இருக்கற மாதிரி இருந்துக்கறேன்" என்றீர்களாம். தாங்கள் சொன்னபடி தையல்காரம்மா கொடுத்துவிட்ட சாவி அன்றிலிருந்தே அவள் கைப்பையில் இருக்கிறதாம். விஷயம் அந்த அம்மாவுக்குக்கூடத் தெரியுமாம். கடிதம் வந்தால் மாமா சங்கடப்படுவார், கிழித்துப்போடுங்கள் என்கிறாள். எழுதப் பதினான்கு நாள் ஆனது, கிழிக்க மனமில்லை. அனுப்புகிறேன், படித்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் திரும்பி வந்ததும் என் எதிரிலேயே "யார் எழுதினது?" என்று அவளை இன்னொரு முறை கேளுங்கள். நான் வெளியே போகமாட்டேன்.