மன்றாட்டு அண்ணனும் ஒரு ஸ்டூலும்

மார்சிலிங் காப்பிக்கடையில் கோப்பை கழுவும் வேலையை உதறிவிட்டு, தோளில் பையோடு நடந்துகொண்டிருந்தேன். எதிரே வந்த ஒருவர் நிறுத்தினார். “வேலைய விட்டுட்டியா தம்பி? மூஞ்சியே சொல்லுது. சாப்பிட்டியா?”

அன்றிலிருந்து அவருடைய ஓரறை வாடகை வீட்டில் எனக்கும் ஒரு பாய்.

சிங்கப்பூரில் அட்டை தூக்காமல், ஊர்வலம் போகாமல், ஒரு முதலாளிக்கு எதிராக அந்த முதலாளியையே கோஷம் போடவைத்த ஒரே மனிதர் அவர்தான். சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் அவர் மன்றாட்டு அண்ணன்.

ஒரு கடைத்தொகுதியில் துப்புரவு வேலை அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கத்துத் தேவாலயத்தில், தமிழ்த் திருப்பலியில் மன்றாட்டு வாசிப்பார். அவர் ஒரு வேண்டுதலைச் சொன்னதும் மொத்தக் கூட்டமும் “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று சொல்ல வேண்டும். நான் எந்தச் சாமியோடும் ஒட்டாதவன். திருப்பலி முடிந்து சாப்பிடக் கொடுக்கும் பீஹூன் நூடுல்ஸுக்காகப் போவேன்.

அந்தச் சமயத்தில்தான் துப்புரவுக் கம்பெனி ஓய்வறை ஸ்டூல்களை எல்லாம் எடுத்துவிட்டது. உட்கார்ந்தால் வேலை குறைகிறதாம். அண்ணனோடு அங்கே வேலை செய்யும், முழங்கால் வீங்கிப்போன ரோஸ்மேரி அக்கா ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். இன்னொரு தடவை உட்கார்ந்தால் வீட்டிலேயே உட்கார்ந்துகொள்ளலாம் என்றார் சூப்பர்வைசர்.

கம்பெனி முதலாளிக்கும் அதே தேவாலயம்தான். முன்வரிசை. அங்கே ஓடும் ஏர்கான் அவர் உபயம்.

அந்த ஞாயிறு மன்றாட்டு அண்ணன் உலக அமைதிக்காக வேண்டினார், நோயாளிகளுக்காக வேண்டினார். அதே குரலில், “நாள் முழுதும் நின்று வேலை செய்யும் ரோஸ்மேரிக்கு ஒரு ஸ்டூல் கிடைக்கவும், அதை எடுத்துப்போனவரின் மனம் இளகவும் உம்மை மன்றாடுகிறோம்” என்றார்.

பழக்கதோஷம். கூட்டம் முழங்கியது. எல்லோரையும்விடச் சத்தமாகக் “கேட்டருளும்” என்றவர் முதலாளி. சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகம் மாறியது.

ஃபாதர் அண்ணனை ஓரமாக அழைத்தார். “எழுதிக் குடுத்தத மட்டும் படிங்கலா அண்ணே. ஏர்கான் யாரு போட்டுக் குடுத்தாங்கன்னு தெரியும்ல?”

“தெரியும் ஃபாதர். உள்ள எல்லாரும் ஜில்லுன்னுதான் இருக்காங்க. நான் வெளிய வேர்க்கிறவங்களுக்குப் பேசுனேன்.”

மைக் பறிபோனது. அடுத்த ஞாயிறு, பிரசங்கம் தொடங்கியதும் எல்லோரும் உட்கார்ந்தார்கள். அண்ணன் மட்டும் நின்றார்.

“அண்ணே, உட்காருங்கலா, பின்னால மறைக்குது” என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

“பழக்கமில்லப்பா. எங்க கம்பெனி ரூல்.”

பெஞ்சைப் பிடித்துக்கொண்டு ரோஸ்மேரி அக்காவும் எழுந்தார். பின்வரிசையில் இன்னும் சிலர். ஃபாதர் பேச்சை நிறுத்தினார். ஏர்கானைப் பார்த்தார். அக்காவின் காலைப் பார்த்தார்.

“ரோஸ்மேரியம்மா, நீங்க உட்காருங்க. மத்தவங்க எல்லாரும் எந்திரிங்க. இன்னிக்கு நின்னே கேப்போம்.”

பிறகு தன் வாழ்நாளிலேயே நீளமான பிரசங்கத்தைச் செய்தார். முதலாளி முதலில் வலது காலை மாற்றினார், பிறகு இடது காலை, கடைசியில் முன்னால் இருந்த கட்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். பக்தி என்று யாரும் நினைக்கவில்லை.

அந்த வாரமே ஸ்டூல்கள் திரும்பி வந்தன. அதே நாளில் அண்ணனின் வேலை போனது. மனிதர் விசிலடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

“என் இடத்துக்கு ஆள் தேடுறாங்க. காலைல நீ போய்ச் சேந்துக்க.”

“உங்க இடத்துக்கா? நான் மாட்டேண்ணே.”

“போடா. ரோஸ்மேரி ஒத்தையா உக்காரப் பயப்படுவா. பக்கத்துல ஒருத்தன் வேணும்லா.”

மறுநாள் காலை அவருடைய மாப்பை நான் வாங்கிக்கொண்டேன். ஓய்வுநேரத்தில் ரோஸ்மேரி அக்கா ஸ்டூலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி நின்றார். எனக்குக் கால் வலிக்கவே இல்லை. இருந்தாலும் முதலில் நான் உட்கார்ந்தேன்.